லிஃப்டில் காணாமல் போன எட்டு கிலோ

ஒன்பது மாடி அலுவலகத்தின் லிஃப்ட் ஆபரேட்டர், லிஃப்டுக்குள் ஒரு எடை மெஷினை வைத்து, ஏறுகிறவர்களை எல்லாம் அதன்மேல் நிற்க வைத்தார். மூன்றே நாளில் புகார்கள் குவிந்தன. நான்காம் நாள் மேனேஜரே ஒன்பதாம் மாடியில் ஏறினார். அவர் ஆபரேட்டருடைய மனைவியின் அண்ணன்; இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“மாப்ளே, உங்க வேலை போச்சு, கிளம்புங்க. கணக்குப் பிரிவு அம்மா உங்களைச் செருப்பால அடிக்காம விட்டதே பெரிசு.”

“கிளம்பறேன் மச்சான். அதுக்கு முன்னாடி ஒரு தடவை இதுல நில்லுங்க.”

நின்றார். தொண்ணூற்றிரண்டு கிலோ. லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் எண்பத்துநான்குக்குச் சரிந்தது. ஒரு நொடியில் பழையபடி தொண்ணூற்றிரண்டு. தரைத்தளத்தில் வந்து நிற்கிற நொடியில் நூறு.

மேனேஜர் தன் தொப்பையைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எட்டு கிலோ எங்கேய்யா போச்சு?”

“அதைத்தான் மூணு நாளா தேடறேன். கீழே இறங்கக் கிளம்பறப்ப குறையுது, வந்து நிக்கறப்ப கூடுது. நடுவுல ஓடறப்ப மட்டும் ஏன் அப்படியே இருக்கு?”

“எனக்கென்ன தெரியும்? வேலை போனது போனதுதான். தங்கச்சிகிட்ட நான் பேசிக்கறேன். மெஷினை வெச்சிட்டுப் போங்க.”

ஆபரேட்டர் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டது. எண் விளக்கு ஒன்பதுக்கு ஏறியது, இறங்கியது, கதவு திறக்காமலே மறுபடி ஏறியது. காத்திருந்தவர்கள் கத்தினார்கள்.

“லிஃப்டுக்கு என்னய்யா ஆச்சு?”

“லிஃப்டுக்கு ஒண்ணுமில்ல. உள்ளே இருக்கறவருக்குச் சந்தேகம் வந்திருக்கு. படியில ஏறுங்க.”