குழாயில் விழுந்த அரை மாத்திரைகள்

கழிவுநீர் நிலையத்தின் இரண்டாவது தொட்டி, தன்னால் செரிக்க முடியாத மாத்திரைகளை அவரவர் வீட்டுக் குடிநீர்க் குழாய் வழியாகவே திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் பெற்றுக்கொண்டவர் நகராட்சி ஆணையர். அவர் குழாயில் என்ன நோய்க்கான மாத்திரை விழுந்தது என்பதைப் பற்றி அவர் மனைவி இதுவரை யாரிடமும் பேசவில்லை. அவரிடம் எதைப் பற்றியுமே பேசவில்லை.

ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். காய்ச்சல் இறங்கியதுமே தாங்களே டாக்டராகி, மிச்ச ஆன்டிபயாடிக்கைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். தொட்டியும் பாவம், சலிக்காமல் தின்றுகொண்டிருந்தது. அதன் சேற்றில் வாழும் கிருமிகளில் சில, மருந்தையே மென்று துண்டு துண்டாக்கிவிடும். ஆனால் அவை நிதானப் பேர்வழிகள். சேறு வாரக்கணக்கில் தங்கினால்தான் பெருகும். நிலையத்திலோ, மேலதிகாரி வருகிறார் என்றாலே பழைய சேற்றை வெளியேற்றித் தொட்டியைப் பளிச்சென்று காட்டுவது வழக்கம். அந்த வருடம் மேலதிகாரிகள் அடிக்கடி வந்தார்கள். தொட்டி அழகாக இருந்தது, செரிமானம்தான் போய்விட்டது.

அப்படி அழகுபடுத்தியவர் தொட்டி ஆபரேட்டர். ஊரில் அவருக்கு உபதேசி என்று பெயர். நிலையத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம், மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது, கழிப்பறையில் போடவே கூடாது என்று தொண்டை வறளப் பேசுவார். குழாயில் மாத்திரை விழுவதை நகராட்சி இலவச மருந்துத் திட்டம் என்று அறிவித்துப் பலகை வைத்தது. தெருவே குழாய்க்கு அடியில் வடிகட்டியைப் பிடித்து நின்றபோது, தன் வீட்டில் மட்டும் ஒன்றும் விழவில்லை என்று அவர் மார்தட்டிக்கொண்டார். கூட வேலை செய்கிறவர் என்று தொட்டி தயவு காட்டியதோ என்னவோ.

அந்த வாரம் அவருடைய மகளுக்குக் காதில் மறுபடி சீழ் வைத்து, காய்ச்சலும் அடித்தது. பழைய மருந்துக்கு மசியவில்லை. குழந்தை காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். "போன தடவை மாத்திரைய முழுசா குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "குடுத்தோம் டாக்டர்," என்றார் உபதேசி, தயங்காமல். வீட்டுக்கு வந்ததும் மனைவி துணி நனைக்கக் குழாயைத் திறந்தாள். தண்ணீரோடு மாத்திரைகள் விழுந்தன. எல்லாமே அரை மாத்திரைகள். மகளுக்கு அரை மாத்திரைதான் அளவு; உபதேசி நகத்தால் உடைப்பதால் ஓரம் எப்போதும் கோணலாக இருக்கும். அவள் உள்ளங்கையை நீட்டினாள். "எல்லாம் குடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?" அப்போதுதான் காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அவர் இழுத்தார். "ஊருக்கு மட்டும் வாய் கிழியுது. போங்க, போய் அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லுங்க. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

போனார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை, அது இன்னும் மோசம். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு வேறு மருந்து எழுதினார். காய்ச்சல் மெல்ல இறங்கியது.

அதன்பின் உபதேசி பழைய சேற்றில் கை வைக்கவில்லை. மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். தொட்டிக்குச் செரிமானம் திரும்பியது. ஆனால் திருப்பிக் கொடுத்துப் பழகிய கையை அது மடக்கிக்கொள்ளவில்லை. இப்போது வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் முதலில் குழாயைத் திறந்து, முன்பு குடியிருந்தவர்களின் யோக்கியதையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

மகள் கடைசி அரை மாத்திரையை விழுங்கிய அன்று ஸ்டூல் போட்டு ஏறி, குழாய்க்கு முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. அப்பாவையும் காட்டச் சொன்னாள். உபதேசி குனிந்து வாயைத் திறந்தார்.