ஆசாரத்தில் தொலைந்த இரண்டேகால் அடி

ஜனவரி 18, ஞாயிறு. இன்று ஒரு தப்புச் செய்தேன். புவனா அக்கா வீட்டு வரைபடத்தில் அறைகளையும் சுவர்களையும் கூட்டினால், வெளியளவைவிட இரண்டேகால் அடி குறைகிறது. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ஆசாரக் கூடத்தைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுச் சரிக்கட்டிவிட்டேன்.

நாட்குறிப்பை எழுதி மூடிய பிறகும் அன்புச்செல்விக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பகலில் ஆர்.எஸ்.புரத்தில் புவனாவின் பிசியோதெரபி கிளினிக்கில் வரவேற்பு வேலை, மாலையில் கட்டட வரைபட வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவள் அவள். எதையும் இரண்டு தரம் அளப்பாள். அப்படியும் தன் கணக்கின்மேல் அவளுக்கு நம்பிக்கை வந்ததில்லை.

அந்த வீடு கிளினிக்குக்கு அடுத்த தெருவில் இருந்தது. புவனாவின் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், கட்டியது. ஓட்டுக் கூரை, முகம் தெரிகிற சிவப்புத் தரை, ஜன்னல்களுக்கு மேல் விசிறி விரித்தாற்போல வண்ணக் கண்ணாடி. அவருடைய இரண்டு மகன்களும் சண்டை போட்டுப் பாகம் பிரித்தபோது, ஆசாரம் என்கிற பெரிய கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. இப்போது கிழக்குப் பாதி புவனாவுடையது. மேற்குப் பாதி பெரியப்பா மகன் மனோஜ்குமாருடையது.

அந்தச் சுவரில்தான் வினை. இரண்டு பக்கமும் பெரிய விரிசல். நடுச்சுவரே போனால் கூரையை எது தாங்கும்? என்ஜினியர் கிருபாசங்கர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இடித்து அடுக்குமாடி கட்ட வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று மனோஜ்குமார் பில்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். புவனாவுக்கோ கிளினிக்கை அந்த வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். கெஞ்சிய தங்கையிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: "ஊடு நிக்கும்னு காட்டு புவனா. காட்டிப்போட்டா நான் கையெழுத்தே போடல."

அதற்காகத்தான் வரைபடம். அதில்தான் இந்தப் பொய்.

திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் அன்புச்செல்வி போய் நின்றாள்.

"அக்கா, வரைபடத்துல தப்புப் பண்ணிப்போட்டனுங்க. ஆசாரம் அவ்வளவு பெருசு இல்லீங்க. கணக்கு ஒதைக்குதுன்னு நானா இழுத்துட்டேன்."

புவனா திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். "ஏங்கண்ணு, ஊட்ட இழுத்துப் பெருசாக்கற வித்தை தெரிஞ்சா என்றகிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல? வா, மறுபடி அளக்கலாம்."

அளந்தார்கள். புவனா பக்கம் சரி. மனோஜ்குமார் பக்கம் போய் அளவு குறைவதைச் சொன்னபோது அவன் காபி டம்ளரோடு வாசலில் நின்றான்.

"அம்மணி, டேப்பு எங்க வாங்குன? அடிக்கு ரெண்டு இஞ்சு தள்ளுபடியா?"

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அளந்தாள். அந்தப் பக்கமும் சரி. வெளியே வந்து தெருப்பக்கச் சுவரை ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்தாள். அதே இரண்டேகால் அடி இடித்தது. பாதிகள் இரண்டும் சரி, முழுசும் சரி. அப்படியானால் குறைவது நடுவில்தான். நடுவில் அவள் போட்டிருந்தது ஒரே ஒரு முக்காலடிச் சுவர்.

"அக்கா," என்று மெல்ல இழுத்தாள். "இது ஒரு செவுரு இல்லீங்களோ என்னமோ."

புவனா சுவரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, தன் பக்கத்து விரிசலை ஒட்டி நாலு செங்கல்லை உருவச் சொன்னாள். சத்தம் கேட்டு மனோஜ்குமார் ஓடி வந்தான்.

"என்ற செவுத்த எதுக்குத் தட்டறீங்க?"

கொத்தனார் ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். முதலில் எட்டிப் பார்த்த புவனா அப்படியே திரும்பி, "உங்க செவுரு அக்கட்ட இருக்குதுங்கண்ணா. இது என்ற செவுரு," என்றாள்.

உள்ளே ஒன்றரை அடிச் சந்து. எதிரில் இன்னொரு சுவர், பூசாத முதுகைக் காட்டிக்கொண்டு. நடுவே வரிசையாக நான்கு தேக்குத் தூண்கள், கூரை உத்திரத்தைத் தலையில் தாங்கியபடி.

மனோஜ்குமார் காபியை மறந்து, அப்பா சொன்னதை நினைத்துக்கொண்டான். "தூணு ரெண்டு பேர்த்துக்கும் பொது, யாரும் தொடக்கூடாதுன்னு எங்கய்யன் சொல்லிட்டே இருப்பாரு. எந்தத் தூணுன்னு எனக்கு வெளங்குனதே இல்ல."

"உங்கய்யன் கட்டுன செவுத்துல எங்கய்யன் காலண்டர்கூட மாட்டமாட்டாரே. அதான் ஆளுக்கொண்ணு கட்டிப்போட்டாங்க!" புவனா சொல்லி முடிக்குமுன் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் பொதுச்சுவர் என்று நம்பியதன்மேல் கைவைத்துச் சிரித்தார்கள்.

கிருபாசங்கர் அன்றைக்கே வந்தார். நான்கு தூணுக்கும் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிற்கிறதா என்று பார்த்தார். தரையைத் தோண்டி, தூண்களின் கல் அடியைத் தொட்டுப் பார்த்தார். சுவர்கள் இரண்டும் அஸ்திவாரமே இல்லாமல் வெறுந்தரையில் நின்றிருந்தன. அதனால்தான் இறங்கி விரிசல் விட்டிருந்தன.

"நான் பார்த்தது செவுத்தங்க. ஊடு வேற, செவுரு வேறன்னு இப்பத்தான் தெரியுது. தூணு நூல் புடிச்சாப்ல நிக்குது. ரெண்டு செவுத்தையும் எடுத்துப்போடுங்க, ஊட்டுக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு அன்புச்செல்வி பக்கம் திரும்பினார். "நீங்க அளந்ததுங்களா? நல்லா அளந்திருக்கீங்க."

மனோஜ்குமார் பில்டருக்குப் போன் போட்டான். "ஏனுங்க, நம்ம கையெழுத்து இல்லீங்க. ஊடு நிக்குதுங்க."

வெள்ளிக்கிழமை மாலை கடைசிச் செங்கல் வெளியே போனது. மேற்கு ஜன்னலின் பச்சையும் மஞ்சளும் தூண்களுக்கிடையே புகுந்து, புவனாவின் பக்கத்துத் தரையில் முதல்முறையாக விழுந்தன. மனோஜ்குமார் ஆசாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். திரும்பியும் நடந்தான். "என்ற பாதியையும் கிளினிக்குக்கே எடுத்துக்க புவனா. ஆனா மறுபடி தடுப்பு கிடுப்பு போட்டுப்போடாத," என்றான். புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தெரைச்சீலைகூட போடமாட்டனுங்கண்ணா," என்றாள்.

அவன் அன்புச்செல்வியிடம் வந்தான். "அம்மணி, அந்த டேப்ப நல்லாச் சுத்தி பத்தரமா வையி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

ஜனவரி 23, வெள்ளி. வீடு நிற்கிறது. என் கணக்கு சரியாகவே இருந்தது. இதை எழுதும்போதுகூட ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். நாளைய வேலை: இழுத்த கோட்டை அழித்து, நான்கு தூண்களையும் அளந்து, ஆசாரத்தை முழுசாக வரைய வேண்டும்.