ஒன்பதாம் நம்பர் கிளவுஸ்

ராஜாராம் சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசத்தான் போனேன். சத்தியமாக. உத்திரமேரூர் பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

எங்கள் காலேஜுக்கு அவர் பி.டி. சாராக வந்தபோது சாஃப்ட்பால் என்றால் இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. "பொம்பளப் புள்ளைங்களுக்கு கில்லி ஆடக் கத்துக் குட்த்துக்கினு கீறாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்தக் கட்டாந்தரையில் ஓடவிட்டு ஆறு கப்பு வாங்கிக் காட்டினார். காவாந்தண்டலம் காலனியிலிருந்து வந்த என்னைப் பந்து வீசுகிற பிட்சர் ஆக்கியதும் அவர்தான். "நடவுல நாத்து முடிய வீசுவ இல்ல? அதே கைதான் அம்முலு, இடுப்புக்குக் கீழ இருந்து வுடு" என்றார். விட்டேன். அந்தப் பந்துதான் எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கித் தந்தது. நான் தின்னும் சோற்றில் அவருக்குப் பங்கு உண்டு. அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

ஆனால் கிளவுஸ் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எழுபத்தேழில் பந்து பிடிக்கிற தோல் கிளவுஸ் எங்களிடம் ஒன்பதுதான் இருந்தது. எல்லாம் ஒரே மரப்பெட்டியில் கிடக்கும், கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடுவோம். ஒரு நாள் காலேஜ் கமிட்டி மெம்பர் தாண்டவராயன் வந்து சாரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். அவர் மகள் தேவகி எங்களோடு ஆடினாள். மறுநாள் ஒவ்வொரு கிளவுஸிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் இருந்தது. அவரவர் நம்பரைத்தான் அவரவர் போடவேண்டும். எனக்கு ஒன்பது. எட்டு கிளவுஸ் பெட்டிக்குள் போயிற்று. ஒன்பதுக்கு மட்டும் ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே ஓர் ஆணி.

"பிட்சர் கிளவுஸ் காத்தாட இருக்கணும்" என்றார் சார்.

நானும் நம்பினேனே! ஒரு மாசம் பெருமையோடு திரிந்தேன். பிறகு தேவகியே சிரித்துக்கொண்டு சொன்னாள், "உன் கை போன எடத்துல என் கை போவக்கூடாதுன்னு எங்க நைனா சண்ட போட்டாரு." நேரே சாரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "மொதல்ல ஜெயிப்போம் அம்முலு. ஜெயிச்சிட்டா எல்லாம் தானா சரியாப் பூடும்" என்றார். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து இப்போது அவருக்கு ரிடையர்மென்ட் விழா. மைதானத்தில் பந்தல், மேடை, மேடை மேஜையில் ஆறு கப்பு வரிசையாக. சார் கழுத்தில் மாலை, பக்கத்து நாற்காலியில் தாண்டவராயன். காலேஜ் பெண்களுக்கும் எங்களைப் போன்ற பழைய மாணவிகளுக்கும் ஒரு மேட்ச் வைத்திருந்தார்கள். புடவை மாற்ற ஸ்டோர் ரூம் பக்கம் போனேன்.

கதவுக்கு வெளியே அதே ஆணி. ஆணியில் ஒரு கிளவுஸ். ஒன்பது.

ஒரு பெண் எக்கி அதை எடுத்துக்கொண்டிருந்தாள். பேர் சிட்டம்மாள், எங்கள் பக்கத்துக் காலனி.

"நீ பிட்சரா?"

"இல்லக்கா, ரைட் ஃபீல்டுல நிக்கறேன்."

"அப்ப இது ஏன் வெளிய தொங்குது?"

"ரைட் ஃபீல்டு கிளவுஸ் காத்தாட இருக்கணும்னு சார் சொன்னாரு."

ஆறு கப்பு! ஒரு பொய்யைக்கூட மாற்றத் தோன்றவில்லை இந்த மனுஷனுக்கு. பந்தல்காரரிடம் சுத்தியலைப் பிடுங்கி ஆணியைக் கழற்றினேன். துருப்பிடித்து ஏறியிருந்தது, நாலு இழுப்புக்குத்தான் வந்தது. நேராக மேடைக்குப் போய் அதைக் கப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுவும் உங்க கப்புதான் சார். சேத்து வெச்சிக்குங்க."

சாருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. தாண்டவராயன், "இன்னா வாத்தியாரே இது?" என்றார். அதற்குள் சிட்டம்மாள் என் பின்னாலேயே ஓடிவந்துவிட்டாள்.

"ஆணியப் புடுங்கிட்டியேக்கா, ஆட்டம் முடிஞ்சா இத்த நான் எங்க மாட்றது?"

நான் சாரைப் பார்த்தேன். சார் குனிந்துகொண்டு, "இன்னிக்கி மட்டும் கையிலயே வெச்சிக்கோம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அப்புறமாம்! நாளைக்கு வீட்டுக்குப் போகிற மனுஷனுக்கு இன்னும் எத்தனை அப்புறம்? அவள் கையிலிருந்து கிளவுஸை வாங்கி, மைதானத்தில் இருந்த பெட்டியைத் திறந்து, மற்ற எட்டின் மேலே போட்டேன்.

"சிட்டம்மா, நீதான் இன்னிக்கி எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கற. நம்பர் பாக்காத. கைக்கு வந்தத குடு."

மேலே கிடந்தது ஒன்பதுதான். முதல் ஆளாக நின்றவள் கேப்டன் சுலோச்சனா, தாண்டவராயனின் சின்ன மகள், தேவகியின் தங்கை. சிட்டம்மாள் அதை நீட்டினாள். சுலோச்சனா கையை நீட்டவில்லை. மேடையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்தாள்.

"சார்?"

சார் எழுந்து மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். தாண்டவராயன் பக்கம் திரும்பவில்லை.

"வாங்கு" என்றார்.

சுலோச்சனா வாங்கினாள். கையை உள்ளே விட்டாள். விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. தாண்டவராயன் என்னவோ முணுமுணுத்துவிட்டு, கையிலிருந்த சோடாவைக் குடித்து முடித்தார். அடுத்தடுத்த பெண்கள் சிட்டம்மாளிடம் வரிசையாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார், எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தாயா என்பதைப் போல. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான ஆத்திரம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வாங்குன்னு ஒரே ஒரு வார்த்த சார்" என்றேன். "இத்தச் சொல்றதுக்கா எங்கள ஆறு கப்பு ஜெயிக்கச் சொன்னீங்க?"