கூடுதலாக ஒரு கயிறு

“கடைசி பெஞ்சுல சொட்டச் சொட்ட நனைஞ்சு உட்கார்ந்திருக்காரே, அவர் உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்று பயிற்சியாளர் ஒருமுறை, கூடத்தில் தரை துடைக்கும் அவளைக் கேட்டார். மாப்பைப் பிழிந்துகொண்டே, “வீட்டுக்காரர்” என்றாள். படகோடு மூழ்கிப் போனவர் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு அந்த பெஞ்சை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை.

மீன்பிடிப் படகில் போகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் ஒரே மாதிரிப் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட விதி அந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள், அவருடைய படகு போய் வருஷக்கணக்காகிவிட்டது. தண்ணீரில் குதிக்கவும் தீயை அணைக்கவும் கவிழ்ந்த மிதவையை நிமிர்த்தவும் கற்றுச் சான்றிதழ் வாங்காதவன் இனிக் கடலில் ஓரடி நகரக் கூடாது. கடலுக்கு அடியிலும் அதே கெடுபிடிதான் போலிருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் செத்தவனையும் மேற்கொண்டு போக விடுவதில்லை. பயிற்சிக்கூடம் திறந்த வாரமே அவரும் அவருடைய ஆட்களும் அலைத்தடுப்புக் கல் ஏறி வந்து வரிசையில் நின்றார்கள். எழுத்தர் குழம்பிப்போய் மேலிடத்தைக் கேட்டார். விதியில் ‘ஒவ்வொரு மீனவரும்’ என்றுதான் இருக்கிறது, உயிரோடு இருக்கிற மீனவர் என்று இல்லை என்று பதில் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

ஆட்கள் எல்லாரும் முதல் வகுப்பிலேயே தேறிவிட்டார்கள். தலைவரான அவர்தான் தேறவில்லை. நீச்சலிலோ தீயிலோ அவரிடம் குறை சொல்ல முடியாது. மிதவையில்தான் கோட்டை விட்டார். ரப்பர் மிதவையை வெள்ளை டப்பாவுக்குள் மடித்துப் படகின் மேல்தளத்தில் பட்டை போட்டு வைத்திருப்பார்கள். படகு மூழ்கினால் பட்டையிலிருக்கும் சின்னக் கருவி தண்ணீரின் அழுத்தத்தில் தானே அதைக் கழற்றிவிடும். மிதவை மேலே வந்து விரியும். ஆனால் துறைமுகத்தில் திருட்டுப் பயம். எல்லாரும் அதன்மேல் கூடுதலாக ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டிவைப்பார்கள். அவர் போட்ட முடிச்சை அவரே அவிழ்த்தால்தான் உண்டு. அப்படித்தான் அந்த ராத்திரி படகோடு மிதவையும் போயிற்று. வகுப்பிலும் அதே கதை. குளத்தில் மாதிரிப் படகை அமிழ்த்துவதற்கு முன்னால் அவர் கை, அருகில் கிடக்கும் கயிற்றை எடுத்துத் தானாகக் கட்டிவிடும். டப்பா அடியிலேயே கிடக்கும்.

அந்தக் கயிற்றை அங்கே போட்டு வைத்தது அவள்தான். குளத்தங்கரையைக் கழுவிவிட்டுப் போகும்போது, சும்மா மறந்து வைத்த மாதிரி, படிமேல் ஐந்தாறு முழம் நைலான் கயிற்றை விட்டுவிட்டுப் போவாள். அவர் தேறவில்லை என்றால் அடுத்த வகுப்புக்கு வருவார். வகுப்பு நடக்கும் நாட்களில் தேநீர் இடைவேளைக்கு அவள் பக்கத்தில் வந்து உட்காருவார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்பார். “கை தானா கட்டிருச்சு, பாரேன்” என்று சிரிப்பார். “விடுங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்பாள். வகுப்பில்லாத வாரங்களில் அவள் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேண்டுமென்றே மூடாமல் விட்ட குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். இப்படியே அவளுக்குக் காதோரம் நரைத்தது. அவருக்கு நரைக்கவில்லை.

தேறிய ஆட்கள் வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஏறப்போகும் ஜனங்கள் ஈரம் படாமல் ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டார்கள். ஒருநாள் படகின் இன்ஜின் டிரைவர் அவளைக் கூப்பிட்டான். “என்ன அண்ணி, எங்க தலைவர் பத்தாங்கிளாஸ்ல கூட இத்தனை தடவை பெயிலானதில்லையே!” மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் வேட்டியைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினான். முழங்கால் வரை பச்சையாகப் பாசி. “அவரை விட்டுட்டுப் போக மனசு வரல. நிக்கவும் முடியல அண்ணி” என்றான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. பாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடினாள்.

அடுத்த தேர்வன்று படிமேல் எதுவும் இல்லை. அந்தக் கயிற்றில் அவள் வீட்டுக் கொல்லையில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பட்டையை மாட்டிய பிறகு அவருடைய கை வழக்கம்போலப் பக்கத்தில் துழாவியது. படியைத் தடவியது. அப்புறம் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மாப்பை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்தபடி அவள் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். படகை அமிழ்த்தினார்கள். டப்பா குபுக்கென்று மேலே வந்து பிளந்து, ஆரஞ்சு நிறக் கூடாரமாக விரிந்தது. வகுப்பே கைதட்டியது.

பயிற்சியாளர் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். தேநீர் நேரம். அவள் அவருக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் வாங்கி வைத்திருந்தாள். நிறுத்தத்தில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர் அவளைக் கடந்து படியிறங்கிப் போனார். அவர் சொட்டவிடும் ஈரத்தைத் துடைக்கிற பழக்கத்தில் அவள் மாப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவர் நடந்துபோன தரை காய்ந்திருந்தது.