குளிர்பெட்டியும் தூங்குமூஞ்சியும்

என் வீட்டுக்காரரோட தங்கச்சிக்கு நான் வெச்ச பேரு தூங்குமூஞ்சி. பின்ன என்ன? பட்டப்பகல்ல, கையில இடுக்கியோட, உட்கார்ந்தபடியே கொறட்டை விடுறவளை வேற எப்படிக் கூப்பிடுறது? அவளைத் தட்டி எழுப்புறதே எனக்குப் பெரிய வேலை.

எங்க ரெண்டு பேருக்கும் வீட்டுலயேதான் வேலை. பொம்மை ரயில் ஓட்டி ரசிக்கிற பெரிய மனுஷங்களுக்காக ஒரு கம்பெனி சரக்குப் பெட்டி செய்யுது. மீன், பழமெல்லாம் கெடாம கொண்டுபோற குளிர்பெட்டி. உள்ளங்கை நீளம்தான், பாகத்தையெல்லாம் ஒட்டிச் சேர்க்கிறது நாங்க. ஆனா நிஜப் பெட்டியில என்னென்ன உண்டோ அத்தனையும் இருக்கணும். கூரைமேல நடைபலகை, ஏணி, கதவுத் தாழ்ப்பாள், ஒரு கோடியில குளிர் மிஷினுக்குக் காத்து போக ஒரு தகடு. அந்தத் தகடுல முடி கனத்துக்கு வரிவரியா பட்டை. பட்டையெல்லாம் கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கணும், மழைத்தண்ணி உள்ளே போகக் கூடாதாம். அடக் கடவுளே, மேசைமேல ஓடுற ரயில் எந்த மழையில நனையப்போகுது? கேட்டா, வாங்குறவங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பாங்கன்னு பதில் வரும்.

எனக்கு இப்பல்லாம் அந்தப் பட்டை தெரியறதே இல்ல. கண்ணு மங்கிப்போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடல. இந்த வேலை போனா எதுக்கெடுத்தாலும் வீட்டுக்காரர்கிட்ட கையேந்தணும், அது என்னால ஆகாது. அதனால நகத்தால தடவித் தடவி ஒட்டுவேன். கம்பெனியிலேர்ந்து வர்ற செக்கிங்காரர் என் பெட்டி ஒண்ணைக்கூடத் திருப்பி அனுப்பினதில்ல. கை பழகிடுச்சுன்னு எனக்கு ஒரே பெருமை.

இன்னைக்குக் கடைக்குக் கிளம்பினவ பையை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். நாத்தனார் மடியில, நான் செஞ்ச பெட்டிங்களை அடுக்கி வெச்சிருந்த தட்டு. நான் ஒட்டின தகட்டை பிளேடால பெயர்த்து, திருப்பி ஒட்டிக்கிட்டிருந்தா.

"என் வேலையில நீ எதுக்குடி கை வைக்கிற?"

நிமிர்ந்து பார்த்தா. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துது. "பாதிக்கு மேல தலைகீழா இருக்கு அண்ணி. ராத்திரி நீங்க அசந்து தூங்குறப்போ மாத்தி வெச்சிடுவேன். முன்னெல்லாம் நாலஞ்சுதான் இருக்கும். இப்ப என்னால முடியல."

"எப்பலேர்ந்து?"

"உங்களுக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுக்க ஆரம்பிச்சேனே, அப்பலேர்ந்து."

மீதியையும் அவளே திருத்தினா. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல, வேலை போயிடுமேன்னு பயம்.

சாயங்காலம் செக்கிங்காரர் வந்து ரெண்டு தட்டையும் பார்த்தாரு. அவ தட்டுல ஒரு பெட்டியில பசை வழிஞ்சிருக்கு, இன்னொண்ணுல ஏணி கோணல்னாரு.

"ஆர்டர் குறைஞ்சுபோச்சும்மா. இனிமே வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் வேலை. உங்க கை சுத்தம், நீங்களே செய்ங்க. இவங்களுக்குக் கவனமே இல்ல. எப்ப வந்தாலும் தூங்கி வழியறாங்க."

நாத்தனார் குனிஞ்சு பசைக் குப்பியை மூடினா. அவ என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டான்னு தெரியும். பாவி, அதுதான் என்னைக் கொன்னுது.

புதுத் தகடு ஒண்ணை எடுத்து அவர்கிட்ட நீட்டினேன். "பட்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு சார்? சத்தியமா எனக்குத் தெரியல. என் தட்டு மொத்தமும் இவ திருத்தினது. ரெண்டு பேர் வேலையை ஒருத்தியா செஞ்சா தூங்கி வழியாம என்ன செய்வா? வேலையை இவளுக்குக் கொடுங்க."

அவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "சரிம்மா"ன்னு கிளம்பினாரு.

நாத்தனார் அழப்போறான்னு நெனச்சேன். சுவத்துல சாஞ்சதுதான் தெரியும், கொறட்டை கிளம்பிடுச்சு. கையிலிருந்த இடுக்கியை மெதுவா உருவி மேசைமேல வெச்சேன். இந்தத் தடவை நான் எழுப்பல.