ஒமெல்யானின் பதவி உயர்வு

சர்க்கரை ஆலை வாசலில் ஒமெல்யானின் சவப்பெட்டியை இறக்கி இரண்டு முக்காலிகளின்மேல் வைத்தார்கள். ஆலையில் உழைத்தவர் யார் இறந்தாலும் இங்கே நின்றுவிட்டுத்தான் கல்லறைக்குப் போவார்கள். முன்பெல்லாம் அப்போது சங்கு ஊதும். ஆலை மூடிய பிறகு, கொதிகலன்களோடு சங்கையும் பழைய இரும்புக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பண்ணையார் காலத்துச் செங்கல் புகைபோக்கி மட்டும் நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

ஒமெல்யானோடு காலமெல்லாம் வேலை பார்த்த டெமித், பெட்டியின் விளிம்பைத் தட்டினார்.

"போயிட்டு வா, இன்ஜினியர்."

ஒமெல்யானின் மகள் ஒரினாவுக்கு முகம் சூடேறியது. பக்கத்தில் அவள் கணவன் அர்சென் மரியாதையாகத் தலைகுனிந்து நின்றிருந்தான்.

அவள் அப்பா சர்க்கரை எடுக்கும் கிழங்கைக் கழுவும் தொட்டியில் நின்றே ஓய்வு பெற்றவர். கீவில் நடந்த திருமணத்தில், அர்செனின் பெற்றோரிடம் அவள்தான் அவரைத் தலைமை இன்ஜினியராக்கினாள். அதற்கு முன்பே போனில், "அந்தக் கோட்டைப் போட்டுட்டு வராதீங்கப்பா, சக்கை நாத்தம் அடிக்கும்" என்றும் சொல்லியிருந்தாள். அவரிடம் வேறு கோட்டு இல்லை. அக்டோபர் குளிரில் வெறும் சட்டையோடு வந்து இறங்கினார். இன்ஜினியர் என்று கேட்டதும் மகளை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

ஊருக்கு எப்படித் தெரியும்?

கல்லறையிலிருந்து திரும்பும்போது டெமித்தோடு சேர்ந்து நடந்தாள்.

"மாமா, அப்பாவை ஏன் அப்படிக் கூப்பிட்டீங்க?"

"உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து, 'டேய், எம்பொண்ணு எனக்குப் பிரமோஷன் குடுத்துட்டாடா, இனிமே மரியாதையா கூப்பிடுங்க'ன்னான். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவன்தான் ரொம்பச் சிரிச்சான்." கழற்றிய தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் வாங்கினான். கீவ்லேர்ந்து யாராச்சும் வந்து கேட்டா, மாத்திச் சொல்லிடாதீங்கடான்னு."

வீட்டில் சாவுச் சாப்பாடு. இறந்தவருக்கென ஊற்றிய வோட்காக் கோப்பையின்மேல் ரொட்டித் துண்டு வைத்திருந்தார்கள். ஒரினா போர்ஷ் சூப் சட்டியோடு மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது அர்சென் கேட்டான்.

"எங்க மாமனாரு ஆலையில எந்த மெஷினைப் பாத்துக்கிட்டாரு?"

ஒரினா வாயைத் திறந்தாள். அர்சென் பதிலுக்காக ஆசையாகக் காத்திருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டெமித் தொண்டையைச் செருமினார்.

"எல்லாத்தையும்தான், மாப்பிள்ளை. அவன் இல்லாம அங்க ஒரு சக்கரம் சுத்தாது."

"அந்த வருஷம் டர்பைன் நின்னப்ப?" என்றார் இன்னொருவர். "மாஸ்கோவிலேர்ந்து வந்தவங்களே கையை விரிச்சிட்டாங்க. ஒமெல்யான்தான் ஓட வச்சான்."

"ஆமா, ஆமா," என்றார்கள் மற்றவர்கள். யாரும் ஒரினாவைப் பார்க்கவில்லை. அர்சென் பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் பரிமாறிக்கொண்டே டெமித்திடம் வந்து கரண்டியை எடுத்தாள். அவர் நிமிராமலே கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"போதும்மா."

அவள் இன்னும் எதுவும் ஊற்றாத கிண்ணம் அது; காலியாகத்தான் இருந்தது.