எட்டு மணிக் கதவு

ஆஷ் க்ரீக் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக்கூடக் கதவு, கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும் சனிக்கிழமைகளில், எழுத ஆசைப்பட்ட பிள்ளை ஒன்று வெளியே நின்றால், அந்தப் பிள்ளை உள்ளே வரும்வரை மூடாது. காய்ச்சலில் படுத்தவர்களுக்காகவோ, மனம் மாறி மான் வேட்டைக்குப் போனவர்களுக்காகவோ அது காத்திருந்ததில்லை. நெப்ராஸ்காவின் அந்த மூலையில் சோளத்தின் விலையைப் போல இதுவும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இரும்புக்கடை ஹாவர்ட் இரண்டு முறை கீல்களைக் கழற்றிப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று கூலி வாங்காமல் போனார்.

லிங்கன் நகரத்திலிருந்து புதிதாக வந்த மேற்பார்வையாளர் பிரிட்சர்டுக்கு மட்டும் அது தெரியாது. எட்டு மணிக்குக் கதவை மூட வேண்டும், மூடாமல் தேர்வைத் தொடங்கக்கூடாது, மூடிய பிறகு யாரையும் விடக்கூடாது என்பது அவர் கொண்டுவந்த விதி. டிசம்பர் பனி உள்ளே பறந்து வந்து மேசைகளில் படிய, அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

“டீச்சர், கதவுக்கு ஒண்ணும் ஆகாது. சாரோட தோள்தான் கழண்டுக்கும்” என்றான் கால்பந்துக் குழுவின் ராய்ஸ், உயிரியல் ஆசிரியை வெர்னா டோலிவரைப் பார்த்து. கூடமே சிரித்தது. பிறகு அவனே, “யாருக்காக நாங்க விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்?” என்று சலித்துக்கொண்டான்.

வராதவள் டெல்ஃபின் ரூல் ஒருத்திதான். வெர்னா வெளியே எட்டிப் பார்த்தாள். ரூல் வீட்டு நீல வண்டி பனியில் உறுமிக்கொண்டு நின்றது.

“மணி எட்டு தாண்டிடுச்சு மேடம். இனி அந்தப் பொண்ணைச் சேர்க்க முடியாது.”

“மூடினப்புறம்தானே சார் சேர்க்கக்கூடாது? இன்னும் மூடலையே.”

அந்த வருடத்து விண்ணப்பங்களுக்கு அதுவே கடைசித் தேர்வு. தவறினால் டெல்ஃபினின் கால்நடை மருத்துவப் படிப்பு கைவிட்டுப் போகும். அப்பா அவளுக்குத் தீவனக் கிடங்கில் வேலை பேசி வைத்திருந்தார். வெர்னா கர்த்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். டெல்ஃபினின் சட்டைக்கை முழங்கை வரை ரத்தமாக இருந்தது.

“கன்னு?”

“பொழச்சுடுச்சு டீச்சர். வயித்துல குறுக்கால மாட்டிக்கிச்சு, இழுத்துப் போட்டுட்டு அப்படியே ஓடி வந்தேன். ஆனா உள்ள வரமாட்டேன். தொழுவமே எம்மேல நாறுது. ராய்ஸ் ஒருத்தன் போதும், மானம் போக.”

வெர்னா தேவாலயப் பாடற்குழுவுக்கென்று தன் அக்கா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். “இதைப் போட்டுக்கோம்மா. பூட்ஸை வாசல்ல விட்டுடு.”

டெல்ஃபின் காலுறையோடு உள்ளே வந்தாள். அவள் பின்னால் கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. ராய்ஸ் அவள் காலைப் பார்த்தான். குனிந்து தன் பூட்ஸைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அன்று அறை முழுக்கத் தொழுவ வாசமா கால் வாசமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் வாங்கிய மதிப்பெண் ஊரை வியக்க வைக்கவில்லை. இடம் கிடைக்கப் போதுமானதாக இருந்தது. இப்போது ஹாவர்டின் பசுக்களுக்கும் அவள்தான் வைத்தியம் பார்க்கிறாள். ஆஷ் க்ரீக் பிள்ளைகள் இன்றும் அந்தத் தேர்வைக் காலுறையோடுதான் எழுதுகிறார்கள்.

அடுத்த டிசம்பரிலும் பிரிட்சர்டே வந்தார். எட்டு மணிக்குக் கதவு மூடவில்லை. அவர் தோளைக் கொடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, யார் வண்டி நிற்கிறதென்று பார்க்கப் பனிக்குள் இறங்கி நடந்தார்.